நாங்குநேரிக்குத் தெற்கே

கோதுமை டப்பாவைக் கையில் வாங்குவதற்கு முன் மதினி ஒரு கேள்வி கேட்பாள். எத்தனை கிலோ என்று அல்ல, நைசாக வேண்டுமா குருணையாக வேண்டுமா என்றும் அல்ல. எந்த ஊர் என்று. தாராவியில் எங்கள் சந்தில் அவளுக்கு ஒரு மாவு மில் இருந்தது. இங்கே அதைச் சக்கி என்பார்கள். புதிதாக யார் வந்தாலும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் மாவு வாங்கிப் போக முடியும். திருநெல்வேலி என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்க முடியாது. "திருநெல்வேலின்னா?" என்பாள். பாளையங்கோட்டை என்றால் பாளையங்கோட்டையில் எங்கே, மார்க்கெட் பக்கம் என்றால் மார்க்கெட்டுக்கு எந்தப் பக்கம். தெரு, தெருமுனைக் கோயில், அந்தக் கோயிலில் கொடைத் திருவிழா எந்த மாதம் என்று இறங்கிக்கொண்டே போய், அந்த ஆளின் வீட்டு வாசல் வரை விசாரித்துவிட்டுத்தான் டப்பாவை வாங்குவாள்.

தமிழ் ஆட்களிடம் மட்டும்தான் என்று நினைக்கவேண்டாம். பீகார்க்காரனிடம் "காவ் கோன்சா?" என்பாள். அவன் தர்பங்கா என்பான். தர்பங்கா இருக்கும் திசைகூட இவளுக்குத் தெரியாது. இருந்தாலும், "தர்பங்காவில் எங்கே?" என்று கேட்பாள். ரோந்து வரும் ஏட்டு சாத்தாரா மாவட்டம் என்று சொன்னதற்கு எந்தத் தாலுகா என்று கேட்டாள். அவர் கொஞ்சம் முழித்துவிட்டுச் சொன்னார். ஒருமுறை மொபைல் திருடியவனைப் பிடித்து நாலு பேர் சாத்திக்கொண்டிருந்தார்கள். மதினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவனிடம் ஊர் கேட்டாள். சங்கரன்கோவில் என்றான். எந்தத் தெரு என்றதும் அழ ஆரம்பித்துவிட்டான். அடித்தபோதெல்லாம் அழாதவன். அதற்குப் பிறகு அவனை அடிக்க யாருக்கும் கை வரவில்லை, விட்டுவிட்டார்கள்.

அவள் மில்லுக்கும் என் பட்டறைக்கும் நடுவே ஒரே சுவர். நான் பை தைக்கிறவன். அந்தச் சுவரில் எங்கே ஓட்டை என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை, ஆனால் நான் தைத்த கறுப்புப் பைகளெல்லாம் அவள் மாவு படிந்து சாம்பல் நிறத்தில்தான் கடைக்குப் போயின. கேட்டால், "புதுசா ஒரு கலர் கெடச்சுதுல்லா கொழுந்தனாரே" என்பாள். அவள் வீட்டுக்காரரை நான் அண்ணாச்சி என்று கூப்பிட்டதால் அவள் எனக்கு மதினி ஆனாள். அண்ணாச்சி பேசவே மாட்டார். இருவரும் சேர்ந்து பேசவேண்டியதை அவளே பேசினாள். அவர் போய்ச் சேர்ந்த பிறகு பெல்ட்டை மாட்டி, அரைக்கும் கல்லைக் கொத்தி, மில்லையும் அவளே ஓட்டினாள். ஊர்க்கொடைக்கு எங்கள் சந்தே காலியாகும் மாதங்களில்கூட அவள் கிளம்பமாட்டாள். மில்லை யார் பார்ப்பது என்பாள். அதுவும் நியாயமான பேச்சாகத்தான் பட்டது.

ஒன்று சொல்லவேண்டும். எந்த ஊர் என்று அத்தனை பேரைக் கேட்டவள், ஏன் அந்த ஊரை விட்டு வந்தாய் என்று ஒருவரையும் கேட்டதில்லை. எனக்கு அது அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒருநாள் வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் டப்பாவோடு வந்தார். ஊர் கேட்டாள். "நாங்குநேரிக்குத் தெக்க" என்றார். மதினி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. "மெஷின் ரிப்பேர்" என்று டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மெஷின் அவள் முதுகுக்குப் பின்னால் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் மெஷினைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், போய்விட்டார். அந்த வாரம் முழுக்க மில் ஷட்டர் பாதிதான் திறந்திருந்தது. நாங்கள் குனிந்து குனிந்து போய் மாவு வாங்கினோம். என் பெண்டாட்டி, மதினிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

சுதன், நிலானி, அவர்களுடைய நாலு வயசு அபி, மூன்று பேரும், ஊரையே முடக்கிய அந்த நோய் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்தார்கள். மில்லுக்கு மேலே மதினிக்கு ஓர் அறை இருந்தது. இரும்பு ஏணியில் ஏறவேண்டும். மில் ஓடும்போது அந்த அறையில் தண்ணீர்ச் செம்பு தானாக நகரும். ஒரு புரோக்கர் வந்து, நாலு நாளைக்கு மட்டும், பிறகு விமானம் ஏறிவிடுவார்கள் என்று சொல்லி அவர்களை அங்கே வைத்தான். நாலு நாளில் அவன் போன் அணைந்தது. அடுத்தது விமானம் நின்றது. பிறகு ரயில், பஸ், எல்லாம்.

அவர்கள் வந்த அன்று நான் கோதுமையோடு அங்கே நின்றுகொண்டிருந்தேன். மதினி ஊர் கேட்டாள். சுதன் ராமநாதபுரம் என்றான். ராமநாதபுரத்தில் எங்கே என்றாள். பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட என்றான். புதுசா பழசா என்றாள். அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். அபி மட்டும் மதினியை நேராகப் பார்த்து, "நாங்கள் கப்பலிலை வரேல்லை, பிளேனிலை வந்தனாங்கள்" என்றது. யாரும் அதனிடம் கப்பலைப் பற்றிக் கேட்டிருக்கவில்லை.

மதினி மில்லை நிறுத்தினாள். அந்த நேரத்தில் அவள் மில்லை நிறுத்தி நான் பார்த்ததில்லை. திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"ராமநாதபுரம்னு சொல்லாதிய. அந்த ஆளுங்க இங்க நெறையா இருக்காங்க, மாட்டிக்கிடுவிய. எங்க ஊருன்னு சொல்லுங்க. நாங்குநேரிக்குத் தெக்கன்னு சொன்னா போதும். அதுக்கு மேல கேக்குற ஆளு இங்க நான் ஒருத்திதான்."

சுதன், அந்த ஊர் ஆட்கள் வந்தால் என்ன செய்வது என்று மெதுவாகக் கேட்டான்.

"எங்க ஊரு ஆளு ஒருத்தரும் இங்க கெடையாது. நான் விசாரிச்சிட்டேன்" என்றாள்.

அவர்கள் இலங்கையிலிருந்து தப்பி வந்தவர்கள். அங்கே சுதனுக்கு என்ன நேர்ந்தது என்று அவன் சொல்லவில்லை, மதினியும் கேட்கவில்லை. நான் கேட்கலாமா என்று வாயெடுத்தேன், அவள் முறைத்தாள். திரும்பிப் போனால் இவர் உயிரோடு இருக்கமாட்டார் என்று நிலானி ஒரே ஒரு தடவை சொன்னாள். டெல்லியில் அகதிகளுக்கென்று ஓர் அலுவலகம் இருக்கிறதாம், அங்கே மனு போட்டிருந்தார்கள். போனில் கூப்பிட்டு விசாரிப்பார்கள், அவர்கள் நம்பினால் வேறு நாட்டுக்கு வழி பிறக்கும். எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. விசா முடிந்துபோயிருந்தது. அந்த போன் வரும்வரை போலீஸ் கண்ணில் படாமல் இருக்கவேண்டும், பட்டால் உள்ளே, அப்புறம் வந்த இடத்துக்கே. அவர்களுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அப்படி இருக்கவேண்டியவர்கள் தாராவியில் வந்து இருந்தார்கள். அந்த மாதங்களில் பம்பாயிலேயே அதிகம் போலீஸ் நின்ற இடம் தாராவி. சந்து வாசலில் மூங்கில் கட்டி அடைத்துவிட்டார்கள். நெற்றியில் துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்துச் சூடு பார்த்தார்கள். சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு வரிசையில் நின்றால் ஆதார் கேட்டார்கள். சுதன் ஒருநாள் நின்றுவிட்டு, தன் முறை வருவதற்குள் திரும்பி வந்துவிட்டான். அன்றிலிருந்து மேலே மூன்று தட்டு மதினி வீட்டிலிருந்து போனது. மில் மட்டும் திறக்கலாம் என்று அனுமதி இருந்தது. ரேஷனில் எல்லாருக்கும் கோதுமையாகக் கொட்டிவிட்டிருந்தார்கள், அதை அப்படியே தின்ன முடியாதே.

மில் ஓடும் சத்தத்தில் பாடம் நடந்தது. தன் ஊரை அவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுத்தாள். குளத்துக்கு எந்தப் பக்கம் பள்ளிக்கூடம், பஸ் எங்கே திரும்பும், யார் வீட்டில் நாய் கடிக்கும் என்று எல்லாம். அபிதான் முதலில் தேறியது. சுதன் நாயை எப்போதும் வேறு வீட்டில் கொண்டுபோய்க் கட்டினான். அவர்கள் பேச்சை மட்டும் மாற்ற முடியவில்லை. முகக்கவசத்துக்குள் என்ன பேசினாலும் முணுமுணுப்புதான் என்று நான் சொன்னேன். மதினிக்கு அது போதவில்லை. சுதனுக்குத் தொண்டை சரியில்லை, அதனால்தான் பேசமாட்டான் என்று சந்தில் சொல்லி வைத்தாள். அந்தக் காலத்தில் தொண்டை சரியில்லை என்று ஒருவனைப் பற்றிச் சொல்லலாமா? சாயங்காலத்துக்குள் பிளாஸ்டிக் உடுப்புப் போட்டவர்கள் வந்து நின்றார்கள். மூன்று பேருக்கும் மூக்கில் குச்சி விட்டார்கள். மில்காரிக்கும் விட்டார்கள். பக்கத்துச் சுவர்க்காரன் என்று எனக்கும் விட்டார்கள். மூக்கிலிருந்து குச்சி வெளியே வந்ததும் மதினி, தும்மலை அடக்கிக்கொண்டு, அந்த டாக்டர் பெண்ணிடம் ஊர் கேட்டாள். கோலாப்பூர் என்றது. ஒருவருக்கும் நோய் இல்லை என்று முடிவு வந்தது. அதற்குப் பிறகு சுதன் வெறுமனே பேச்சுக் குறைந்தவன் என்று ஆனான்.

எங்கள் ஊர்ச் சங்கத்துச் செயலாளர் நல்ல மனுஷன். அதில்தான் தொந்தரவு. அந்த மாதங்களில் அவர் தூங்கியே இருக்கமாட்டார். யாருக்கு அரிசி இல்லை, யாருக்குச் சர்க்கரை மாத்திரை இல்லை என்று அலைந்து அலைந்து செருப்புத் தேய்ந்த மனிதர். திருநெல்வேலிக்குச் சிறப்பு ரயில் விடப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது தாராவியில் பாதிப் பேர் அவர் வீட்டு வாசலில் நின்றார்கள். இடத்துக்காக ஆண்கள் அழுததை நான் பார்த்தேன். என் மச்சான் ஒருவன் அவர் காலிலேயே விழுந்தான், இடம் கிடைக்கவில்லை.

அந்த ரயிலில் முதல் மூன்று இடத்தை அவர் சுதன் குடும்பத்துக்கு எடுத்து வைத்துவிட்டார். கைக்குழந்தை மாதிரி ஒரு பிள்ளை, பேசக்கூடத் தெரியாத அப்பாவிப் புருஷன், வேலை இல்லை, மதினியின் ஊர்க்காரர்கள் வேறு. அன்போடுதான் செய்தார். ஒருநாள் காலையில் மில் வாசலில் வந்து நின்று சொன்னார், நாளைக்குக் கிளம்பலாம் என்று. போலீஸ் சௌக்கியில் ஏட்டு ஆதாரைப் பார்த்து டோக்கன் தருவார். ஊரில் இறங்கியதும் தாசில்தார் ஆட்கள் நிற்பார்கள், அந்தந்த ஊர்த் தலைவர் வந்து இவர் எங்கள் ஆள்தான் என்று அடையாளம் சொல்லிக் கூட்டிப்போகவேண்டும். இலவசம்.

நான் உள்ளே மாவுக்காக நின்றுகொண்டிருந்தேன். மேலே ஏணி வாசலில் நிலானி நின்றுகொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்காமல் இருக்க மெஷினைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லலாம்தான். ஊரே ஒரு இடத்துக்கு அழுதுகொண்டிருக்கும்போது, சும்மா கிடைத்த மூன்று இடத்தை வேண்டாம் என்பவன் யார், அவன் ஆதார் எங்கே என்றுதான் அடுத்த பேச்சு வரும்.

மதினி, இப்போது என்ன அவசரம், பிள்ளைக்குச் சளி என்று இழுத்தாள். செயலாளர் கேட்கவில்லை. பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார்.

"ஊருக்கு ஒரு சரியான பேரு இருக்கும்லா? அதச் சொல்லுங்க மைனி. தலைவருக்கு இப்பமே போன் போட்டு, இன்னார் வீட்டுப் பிள்ளைங்க வருது, கூப்பிட வந்துருங்கன்னு சொல்லிருதேன். நீங்களும் ரெண்டு வார்த்த பேசுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷத்தில் மதினியிடம் யாரும் ஊர்ப் பெயர் கேட்டதில்லை. முந்திக்கொண்டு அவளே கேட்டுவிடுவாளே, எங்களுக்கு எங்கே நேரம்? பக்கத்துச் சுவர்க்காரன் எனக்கே நாங்குநேரிக்குத் தெற்கே என்பதற்கு மேல் தெரியாது. செயலாளர் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மதினியின் முகம், எப்போதும் அதில் இருக்கும் மாவுக்கு மேலே இன்னும் வெளுத்தது.

மில்லை நிறுத்தினாள். சந்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, செயலாளரை உள்ளே கூப்பிட்டாள்.

"போன உள்ள வைங்க. அது ஓடி வந்த பிள்ள."

அவர் மேலே நின்ற நிலானியைப் பார்த்தார்.

"ரெண்டும் வேற வேற ஆளுங்க. பயலோட பஸ் ஏறும்போது ஒரு செருப்பு கழண்டு விழுந்துட்டு. எடுக்க எறங்கல. எறங்குனா முடிஞ்சுது. ஒத்தச் செருப்போட பம்பாய் வந்து சேந்தா. அண்ணன்மாரு மூணு பேரு. பெரியவன் அருவாளத் தலமாட்டுல வச்சுத்தான் படுப்பான். ஒரு தடவ மனசு கேக்காம வீட்டுக்கு ட்ரங்கால் போட்டா. அந்தப் பெரியவன்தான் எடுத்தான். எங்க இருக்கன்னு சொல்லு, வாரோம், அப்படின்னு மட்டும் சொன்னான். சத்தம் போடல, வையல. நீங்க அந்த ஊருக்குப் போன் போட்டா, அவன்தான் ஸ்டேஷனுக்கு வருவான்."

செயலாளர் முகக்கவசத்தைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். போனைப் பாக்கெட்டில் வைத்தார். குரலைத் தாழ்த்தி, பெண் எந்தப் பக்கம், பையன் எந்தப் பக்கம் என்று கேட்டார். அதை மட்டும் கேட்காதீர்கள் என்றாள் மதினி. அவர் தலையாட்டினார். அரை கிலோ பருப்புக்கு ஆதார் நகல் வாங்கிய மனிதர், அரிவாளுக்கு எந்த அத்தாட்சியும் கேட்கவில்லை. அது எங்கள் பக்கத்தில் யாரும் சந்தேகப்படாத சங்கதி. "நம்ம ஆளுங்க திருந்தவே மாட்டானுவ" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, யார் கேட்டாலும் இந்தக் குடும்பத்தைத் தனக்குத் தெரியும் என்று தானே சொல்வதாகவும், ஏட்டிடமும் சொல்லி வைப்பதாகவும் வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த மூன்று இடத்தில் ஒன்று என் மச்சானுக்குக் கிடைத்தது. ஊருக்குப் போய், இங்கே வந்து விழுந்துவிட்டேனே என்று போனில் அழுதான்.

யாரிடமும் சொல்லவேண்டாம் என்ற பேச்சு மத்தியானத்துக்குள் சந்து முழுக்கப் பரவியது. மேலே புளிக்குழம்பு போனது, பழைய சேலை போனது, அபிக்கு ஒரு பொம்மை போனது. ஒரு வீட்டில் மட்டும் நிலானி வந்தால் கதவைச் சாத்தினார்கள். அவர்களுக்கும் கதையில் சந்தேகம் இல்லை.

சந்தேகம் எனக்கு மட்டும்தான். பை தைத்துக்கொண்டே யோசித்தேன். ட்ரங்கால் என்றாளே. எக்ஸ்சேஞ்சில் சொல்லிவிட்டுக் காத்திருந்து பேசும் அந்தக் காலத்து வெளியூர்ப் போன் அது. நாலு வயசுப் பிள்ளையைப் பெற்ற ஒருத்தி, கையில் மொபைலை வைத்துக்கொண்டு எங்கே போய் ட்ரங்கால் போடுவாள்? நிலானி பிறந்து நடக்கக் கற்பதற்குள் அதெல்லாம் ஒழிந்துபோயிருக்குமே. ஒரு ஊசி உடைந்தது. பேசாத அண்ணாச்சியை நினைத்தேன். கொடைக்குப் போகாத வருஷங்களையும், வெள்ளைச் சட்டைப் பெரியவர் அரைக்காமல் திருப்பி வாங்கிக்கொண்டு போன டப்பாவையும் நினைத்தேன். சுவரில் கைவைத்துப் பார்த்தேன். அந்தப் பக்கம் மில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. மதினியிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

டெல்லிப் போன் மழைக்காலத்தில் வந்தது. பத்துப் பேர் டப்பாவோடு நின்றிருந்தார்கள். மேலே மணி அடித்ததும் மதினி மில்லை நிறுத்திவிட்டு, மெஷின் ரிப்பேர் என்றாள். சுதன் பேசி முடிக்கும்வரை அவர்கள் திட்டினார்கள். அவள் கைகட்டி நின்று ஒவ்வொருவரிடமும் ஊரைப் பற்றி இன்னும் கொஞ்சம் கேட்டாள். அதன் பிறகும் பல தடவை அந்த போன் வந்தது. பல தடவை மெஷின் ரிப்பேரானது. விமானங்கள் சரியாக ஓட ஆரம்பித்து வெகுநாள் கழித்து, ஒரு குளிர் நாட்டிலிருந்து அவர்களை எடுத்துக்கொள்வதாகத் தகவல் வந்தது.

போகிற அன்று நான் தைத்த பெரிய பையைத் தூக்கிக்கொண்டு சந்து வாசல் வரை போனேன். கறுப்புப் பைதான். சாம்பல் நிறமாக இருந்தது. சுதன் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்து, பேச்சுக் குறைந்தவனாகவே டாக்சியில் ஏறிவிட்டான். அபி ஜன்னல் வழியாக, நாய் கடிக்கும் வீடு எது என்று சரியாக ஒப்பித்தது. நிலானி ஏறவில்லை. மதினியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. தப்பி வந்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

"அக்கா, பிறகு அந்தத் தமையன்மார் வந்தவையோ?"

"இன்னும் வரல" என்றாள் மதினி.

டாக்சி போனது. மதினி கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் மாவுக் கோடு. நான் ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று தேடினேன். அதற்குள் அவள் திரும்பி நடந்துவிட்டாள். நானும் பின்னாலேயே போனேன். மில் வாசலில் நரைத்த மீசையோடு ஒரு புது ஆள் டப்பாவை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். தமிழ் ஆள். மதினி உள்ளே போகாமல், அவருக்கு இரண்டு அடி தள்ளியே நின்றாள். ஒரு கை ஷட்டரின் மேல் இருந்தது.

"எந்த ஊரு?"

அவர் சொன்னார். ஆம்பூர்ப் பக்கம். ஆம்பூரில் எங்கே என்று மதினி கேட்டாள். அவர் அதையும் சொன்னார். அவள் ஷட்டரிலிருந்து கையை எடுத்து டப்பாவை வாங்கிக்கொண்டாள்.